போனுக்குள் ஓடும் நாள் கணக்கு

சாவு விழுந்த வீட்டில் நாள் கணக்கை வட சென்னையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எடுக்கிற நேரம், பால் தெளிக்கிற நாள், பதினாறாம் நாள் காரியம், முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. வண்ணாரப்பேட்டைச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் பசை காய்வதற்குள் தெருவே அந்தக் கணக்கைப் போட்டு வைத்துவிடும். இறந்தவரின் போனுக்குள்ளும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. 30 நாள், 90 நாள், 120 நாள், 2 ஆண்டு. அதை எடுத்துச் சொல்ல யாரும் இல்லாததால்தான் நைனாவின் குரலும் அக்காவின் கடைசி போட்டோக்களும் கேட்காமலே போய்விடுகின்றன.

போனவர்களோடு வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் பேசிக்கொண்டிருப்பதை மனநோய் மாதிரிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்று பேசாத வீடு உண்டா? நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று காசிமேடு கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, பிள்ளைக்கு வேலை கிடைத்ததைத் தாத்தாவிடம் சொல்லிவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர். போனில் பேசுவதும் அதே பேச்சுதான். ஒரே ஒரு வித்தியாசம்: சுவரில் இருக்கும் படம் உங்கள் கையில் இருக்கிறது, வாட்ஸ்அப், ஃபேஸ்புக் கணக்கு கம்பெனியின் கையில் இருக்கிறது. அதனால் என்ன செய்வதாக இருந்தாலும் முதலில் கோப்புகளை உங்கள் கைக்கு எடுங்கள், கணக்கைப் பிறகு பார்க்கலாம்.

முதல் வேலை, போனை சார்ஜில் போடுவது. சாவு வீட்டில் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் யாராவது ஒருவர் செய்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டு போன் ஒருமுறை அணைந்து எழுந்தால் கைரேகையோ முகமோ போதாது, பின் நம்பரோ பேட்டர்னோ கேட்கும். அது இறந்தவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால் கதவு அடைத்துவிட்டது. பேட்டர்னை வீட்டுப் பிள்ளைகள் பார்த்து வைத்திருப்பார்கள், அவர்களைக் கேளுங்கள். கண்டபடி போட்டுப் பார்க்காதீர்கள், தப்பு கூடக் கூடக் காத்திருக்கும் நேரமும் நீளும்.

திறக்க முடியவில்லை என்று போனைக் கடைக்கு எடுத்துப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பர்மா பஜாராக இருந்தாலும் தெருமுனைக் கடையாக இருந்தாலும், "லாக் எடுத்துத் தர்றேன்" என்றால் பெரும்பாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போனைப் புதிதாக்கித் தருகிறேன் என்றுதான் பொருள். இப்போதைய போன்களில் உள்ளே இருப்பது பூட்டோடு சேர்த்தே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, பூட்டை மட்டும் தனியாகக் கழற்ற முடியாது. அழித்த பிறகும் பழைய கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். டிஸ்பிளே உடைந்தது, சார்ஜ் ஏறவில்லை என்றால் பயமில்லாமல் கொடுக்கலாம், அதை மாற்றுவதால் உள்ளே இருப்பது போகாது. கொடுக்கும்போது "ரீசெட் பண்ணாதீங்க, டேட்டா வேணும்" என்று சொல்லி ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

இனி சிம். எந்தப் பயன்பாடும் இல்லாமல் தொடர்ந்து 90 நாள் கிடந்தால் ப்ரீபெய்ட் இணைப்பைக் கம்பெனி நிறுத்திவிடலாம். நிறுத்திய நம்பரைக் குறைந்தது 90 நாள் வேறு யாருக்கும் தரக் கூடாது என்பது தொலைத்தொடர்புத் துறையின் விதி, அதற்குப் பிறகு அந்த நம்பர் ஊர் பெயர் தெரியாத ஒருவருக்குப் போகலாம். வங்கி, காஸ், பி.எஃப்., இன்சூரன்ஸ் எல்லாவற்றின் ஓடிபியும் அந்த நம்பருக்கே வரும் என்பதால், இருப்பதிலேயே குறைந்த ரீசார்ஜாகப் போட்டு நம்பரை உயிரோடு வைத்திருங்கள். கூடவே, இறப்புச் சான்றிதழும் வாரிசின் ஆதாரும் எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் சொந்தக் கடைக்குப் போய் இணைப்பை வீட்டில் ஒருவர் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். இறந்தவர் பெயரிலேயே வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தால், சிம் கெட்டுப்போகிற நாளில் மாற்றுச் சிம் வாங்க ஆள் இருக்காது. அந்தப் போனிலுள்ள ஜிபேயையும் போன்பேயையும் தொடவே தொடாதீர்கள். மருத்துவச் செலவுக்கு என்று எடுத்தாலும், இறந்தவர் கணக்கிலிருந்து எடுத்த பணம் பிறகு வாரிசுகளுக்குள் சண்டையாக வந்து நிற்கும்.

சான்றிதழைப் பற்றி ஒரு வரி: இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஸ்டான்லி மாதிரி ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவுக்கான தகவலை ஆஸ்பத்திரியே அனுப்பும், வீட்டில் இறந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தாலும் உடனே திருத்துங்கள். பின்னால் கூகுள், ஃபேஸ்புக், ஆப்பிள் என்று எல்லா இடத்திலும் அதே எழுத்துப் பிழை குறுக்கே வரும்.

வாட்ஸ்அப்: எல்லோரும் அழும் இடம்

பெரும்பாலான வீடுகளில் உறவு மிச்சமிருப்பது ஃபேஸ்புக்கில் இல்லை, வாட்ஸ்அப்பில். அங்கேதான் நாள் கணக்கும் கறாராக ஓடுகிறது.

இறந்தவரின் போன் வாட்ஸ்அப்போடு இணையாமல் 120 நாள் ஆனால் பொதுவாக அந்தக் கணக்கு நீக்கப்படும். பதினாறும் முடிந்து, மூன்று மாதமும் கடந்து, வீடு கொஞ்சம் தேறுகிற நேரத்தில் குடும்பக் குழுவில் திடீரென்று அவர் "வெளியேறினார்" என்று ஒரு வரி வரும். முகப்புப் படம் போய் சாம்பல் நிற உருவம் நிற்கும். இரண்டாவது தடவை செத்த மாதிரி இருக்கிறது என்று பலர் அழுவது இந்த இடத்தில்தான். யாரும் எதுவும் செய்யவில்லை, நாள் கணக்கு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். இது நடக்கக் கூடாது என்றால் அந்தப் போனை வாரம் ஒருமுறையாவது வைஃபையில் போட்டு வாட்ஸ்அப்பைத் திறக்க வேண்டும். என்றென்றைக்கும் அப்படிச் செய்துகொண்டிருக்க முடியாது என்பதால், கிடைத்த காலத்தில் எடுக்க வேண்டியதை எடுத்துவிடுங்கள்.

போனை இணையத்தில் போட்டுத் திறந்த அடுத்த நொடி, அதுவரை ஒற்றை டிக்காக நின்ற எல்லோருடைய செய்திகளும் இரட்டை டிக்காக மாறும். மகள் ராத்திரி அனுப்பிய "அப்பா" என்ற செய்தி போய்ச் சேர்ந்ததாகக் காட்டும். அவளுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்து, போனைத் திறக்கப் போவதைக் குடும்பத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போய்ச் சேராத செய்திகளை வாட்ஸ்அப் 30 நாள்தான் வைத்திருக்கும், அதற்கு மேல் அவை எங்கும் இருக்காது.

நீங்கள் அவரோடு பேசிய அரட்டை உங்கள் போனில் பத்திரமாகத்தான் இருக்கிறது. அவருடைய கணக்கு நீக்கப்பட்டாலும் அது போகாது. போவது எப்போதென்றால், பேக்கப் இல்லாமல் நீங்கள் போன் மாற்றுகிற நாளில். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட்ஸ், அதில் சாட் பேக்கப் பக்கத்துக்குப் போய், கடைசியாக பேக்கப் ஆன தேதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் இந்த பேக்கப் இப்போது கூகுளின் இலவச 15 ஜிபிக்குள்ளேயே சேர்கிறது. போட்டோவும் மெயிலும் சேர்ந்து இடம் நிரம்பிவிட்டால் பேக்கப் நின்றுவிடும், பலர் மாதக்கணக்கில் கவனிப்பதே இல்லை. வீடியோவை பேக்கப்பில் சேர்க்காமல் விட்டால் இடம் கொள்ளும், ஆனால் அந்த வீடியோக்களைத் தனியாக நகல் எடுத்தாக வேண்டும்.

தனி நகல் எடுப்பதற்கு, அவருடைய அரட்டையைத் திறந்து மேலே மூன்று புள்ளி, மோர், எக்ஸ்போர்ட் சாட். மீடியாவோடு எடுத்தால் கடைசி 10,000 செய்திகள் வரை வரும், மீடியா இல்லாமல் 40,000 வரை. இரண்டு விதமாகவும் எடுங்கள். முதலாவதில் குரலும் படமும் இருக்கும், இரண்டாவதில் பழைய பேச்சு இன்னும் பின்னால் வரை கிடைக்கும். உடன் வரும் எழுத்துக் கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தக் குரல் எந்தத் தேதியில், எந்தப் பேச்சுக்கு நடுவில் வந்தது என்பது அதில்தான் இருக்கிறது.

குரல் பதிவுகள்தான் பொக்கிஷம். போட்டோவில் சிரிக்கிற முகம் எல்லோரிடமும் இருக்கும். "சாப்ட்டியா, மழை வருது, கொடை எடுத்துனு போ" என்று சொன்ன குரல் ஒரே ஒருவர் போனில்தான் இருக்கும். ஆண்ட்ராய்டில் இவை உள் சேமிப்பகத்தில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம் டாட் வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியா, வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ் என்று அடுக்கடுக்காகப் போனால் கிடைக்கும். உள்ளே ஆண்டும் வார எண்ணும் சேர்ந்த எண்களில் கோப்புறைகள் இருக்கும். ஒவ்வொரு கோப்பின் பெயரும் பிடிடி என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கித் தேதியோடு வரும். சிக்கல் என்னவென்றால், யார் அனுப்பியது என்பது பெயரில் இருக்காது. அவர் குரலும் பால்காரர் குரலும் ஒரே கோப்புறையில் கலந்து கிடக்கும். அதனால்தான் எக்ஸ்போர்ட் வழியே எடுப்பது நல்லது, அவர் அரட்டையில் இருந்தவை மட்டும் தனியாக வந்துவிடும். கோப்பு ஓபஸ் வகை. எல்லா பிளேயரிலும் ஓடாது, விஎல்சி என்ற செயலியில் ஓடும். எம்பி3யாக மாற்றினாலும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

பழைய படத்தைத் தொட்டால் "அனுப்பியவரிடம் மறுபடி கேளுங்கள்" என்று வருகிறதா? தானாகப் பதிவிறங்குவதை நிறுத்தி வைத்திருந்த போன்களில் இது நடக்கும். அந்தப் படம் வாட்ஸ்அப்பிடம் இப்போது இல்லை. அதே படம் வேறு உறவினர் போனில் இருக்கலாம், பதினாறாம் நாள் எல்லோரும் கூடும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். வாங்கும்போது "டாக்குமெண்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். நீளப் பக்கம் சுமார் 1,600 பிக்சலாகச் சுருங்கிய படம் சுமார் அஞ்சு அங்குலம் வரைதான் தெளிவாக அச்சாகும். ஃப்ளெக்ஸில் அதை ஆறடிக்கு இழுத்தால் முகம் கலங்கிப்போவதன் காரணம் இதுதான், அச்சகத்துக்காரர் மேல் தப்பில்லை.

காசிமேட்டில் இன்னொரு நிலைமை உண்டு. கடலில் ஆளும் போகிறார், போனும் போகிறது. அப்போது மிச்சம் இருப்பது கூகுளில் இருக்கும் பேக்கப் மட்டும். அதை மீட்க அதே நம்பரின் சிம்மும், போனில் போட்டிருந்த அதே கூகுள் கணக்கும் வேண்டும். இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்திருந்தால் ஆறு இலக்க பின்னும் கேட்கும், தெரியாவிட்டால் 7 நாள் காத்திருக்க வேண்டும். பேக்கப்பையே பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தால் அந்தப் பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ இல்லாமல் வாட்ஸ்அப்பாலும் திறக்க முடியாது. மீட்டால் அவருக்கு மற்றவர்கள் எழுதியதும் கண்ணில் படும். கூட்டாளி வாங்கிய கடன், தங்கை சொன்ன ரகசியம் எல்லாம் அதில் இருக்கும். குடும்பத்தோடு பேசியதை எடுத்துக்கொண்டு மற்றதைத் திறக்காமல் விடுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

அந்த நம்பர் வேறொருவர் கைக்குப் போனால்? 45 நாளாகப் பயன்படாத கணக்கு வேறு போனில் புதிதாகத் தொடங்கப்பட்டால், நம்பர் கைமாறிவிட்டதாக வாட்ஸ்அப் எடுத்துக்கொண்டு பழைய முகப்புப் படத்தை நீக்கிவிடும். பழைய அரட்டை எதுவும் புதியவருக்குப் போகாது. ஆனால் அதன் பிறகு நீங்கள் அனுப்பும் "இன்னிக்கு உன் பொறந்தநாள் நைனா" அவர் கையில் போய் விழும். பதில் வந்தால் அன்றைக்கு உங்கள் மனம் என்ன ஆகும்? அதனால் ஆறு மாதத்துக்கு மேல் அந்த நம்பருக்கு நேராக எழுதாதீர்கள். "நைனா" என்ற பெயரில் ஒரு குழு தொடங்குங்கள், அவர் படத்தையே அதன் முகப்பாக வையுங்கள், இரண்டு பேரை அட்மின் ஆக்குங்கள். தனியாகப் பேச வேண்டும் என்றால் நீங்கள் மட்டும் இருக்கிற குழுவாக வையுங்கள். மறையும் செய்திகள் என்ற வசதி அதில் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நினைவுநாளில் ஸ்டேட்டஸ் வைப்பவர்கள், 24 மணி நேரத்தில் மறையும் அந்தப் படத்தை இந்தக் குழுவிலும் போட்டுவைத்தால் அடுத்த வருடம் தேட வேண்டியதில்லை.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்

ஃபேஸ்புக்கில் நினைவுக் கணக்கு என்ற ஏற்பாடு இருக்கிறது. விண்ணப்பித்தால் பெயரோடு "நினைவாக" என்ற பொருள்படும் ஒரு சொல் சேரும். பிறந்தநாள் நினைவூட்டல் யாருக்கும் போகாது, புதியவர்களுக்கு நண்பராகப் பரிந்துரைக்கப்படவும் மாட்டார். பழைய பதிவுகள் அப்படியே நிற்கும். தனியுரிமை அமைப்பு அனுமதித்தால் நண்பர்கள் அங்கே எழுதலாம். இவ்வளவும் நல்லதுதான். ஆனால் அதற்குப் பிறகு யாரும், சரியான பாஸ்வேர்டு தெரிந்தவரும்கூட, உள்ளே நுழைய முடியாது. தம்பி ஆர்வத்தில் விண்ணப்பித்துவிட்டு, மனைவி எடுக்க நினைத்த எல்லாம் பூட்டிக்கொண்ட வீடுகள் உண்டு. குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுத்த பிறகே விண்ணப்பியுங்கள்.

இங்கே நம்ம பக்கத்துச் சிக்கல் ஒன்று வரும். கணக்கின் பெயர் "காசிமேடு சிங்கம்" என்று இருக்கும், சான்றிதழில் அப்பா வைத்த பெயர் இருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று எங்கோ உட்கார்ந்து பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? நம்ம போஸ்டர்களில் சொந்தப் பெயரையும் பட்டப்பெயரையும் நடுவில் "எ" போட்டுச் சேர்த்து அச்சடிக்கிறோமே, அந்த வழக்கம் இதற்குக் கைகொடுக்கும். இறந்த தேதி தெரியும்படி போஸ்டரைத் தெளிவாகப் படம் எடுத்து, சான்றிதழோடு சேர்த்துக் கொடுங்கள்.

அவர் மட்டுமே அட்மினாக இருந்த ஃபேஸ்புக் பக்கம், அது கானா குழுவின் பக்கமோ கேரம் கிளப்பின் பக்கமோ, அவர் கணக்கு நினைவுக் கணக்கானதும் நீக்கப்படலாம். பல வருடப் படங்கள் ஒரே நாளில் போகும். உயிரோடு இருப்பவர்கள் இன்றைக்கே இன்னொருவரை அட்மினாகச் சேர்த்துவிடுங்கள்.

இன்ஸ்டாகிராமிலும் நினைவுக் கணக்கு உண்டு, ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் நியமிக்கும் வசதி இல்லை. முகப்புப் படத்தைக்கூட யாரும் மாற்ற முடியாது.

துபாயிலோ குவைத்திலோ இருக்கும் பிள்ளைக்காக இறுதிச் சடங்கை ஃபேஸ்புக் லைவில் காட்டினீர்களா? 2025 பிப்ரவரியில் வந்த மாற்றப்படி அந்த வீடியோ 30 நாள்தான் இருக்கும், பிறகு தானாக அழியும். பதினாறாம் நாளுக்குள் இறக்கி வைத்துவிடுங்கள்.

ராத்திரி முழுக்கப் பாடிய மரண கானாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறந்தவர் பெயர், தெரு, பெற்ற பிள்ளைகள், செய்த வேலை எல்லாம் அந்தப் பாட்டுக்குள் வரும். அவரைப் பற்றி எழுதப்பட்ட ஒரே வரலாறு பல வீடுகளில் அதுதான். பதிவு செய்யும் போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தால் சத்தம் பிளந்துவிடும், ஏழெட்டு அடி தள்ளிப் பாடுகிறவர் முகத்துக்கு நேராக வையுங்கள். ஏரோபிளேன் மோடில் போட்டால் நடுவில் கால் வந்து பதிவு நிற்காது. சினிமா மெட்டில் பாடியிருந்தால், ஏற்றியதும் காப்புரிமைச் சோதனையில் சிக்கி ஒலி அடைக்கப்படலாம். அதனால் மூலக் கோப்பு பென் டிரைவில் ஒன்றும் வேறு வீட்டில் ஒன்றுமாக இருக்கட்டும். யூடியூபில் ஏற்றினால் இணைப்பு வைத்திருப்பவர் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். சடலத்தின் முகத்தை ஊர் முழுக்கப் பரப்ப வேண்டாம். பேரப்பிள்ளைகள் பத்து வருடம் கழித்துத் தேடும்போது முதலில் வந்து நிற்பது அந்தப் படமாக இருக்கக் கூடாது.

போஸ்டரில் இருக்கும் படத்தையும் போன் நம்பரையும் எடுத்துப் போலிக் கணக்கு தொடங்கி, "காரியத்துக்குப் பணம் குறையுது" என்று நண்பர்களிடம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒரு கணக்கைப் பார்த்தால் நண்பர்கள் பலர் சேர்ந்து ஃபேஸ்புக்கில் புகார் செய்யுங்கள், பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். குரலைப் போலி செய்து இறந்தவரைப் பேசவைக்கும் செயலிகளும் வந்துவிட்டன. அவர் சொல்லாத ஒன்றை அவர் குரலில் கேட்பது ஆறுதல் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குரல் பதிவுகளை முன்பின் தெரியாத செயலிகளுக்குக் கொடுக்காதீர்கள்.

நினைக்காத நேரத்தில் போன் தானாகவே ஆஸ்பத்திரிப் படத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால், கூகுள் போட்டோஸிலும் ஃபேஸ்புக்கிலும் மெமரீஸ் அமைப்பில் குறிப்பிட்ட ஆளையோ குறிப்பிட்ட நாட்களையோ மறைக்கலாம். படம் அழியாது, முன்னால் வராது. முதல் வருடம் மறைத்துவிட்டு, தயாரானதும் எடுத்துவிடுங்கள்.

இருக்கும்போதே செய்வது

கூகுள் கணக்கு 2 ஆண்டு பயன்படாமல் இருந்தால் நீக்கப்படலாம். போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இதற்கு கூகுளில் இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர் என்ற வசதி உண்டு. 3, 6, 12, 18 மாதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதிகபட்சம் 10 பேரின் மெயிலைக் கொடுத்து, யாருக்கு எது போக வேண்டும் என்று குறிக்கலாம். 3 மாதத்தையே வையுங்கள். தகவல் வந்த பிறகு இறக்கிக்கொள்ள அவர்களுக்கும் 3 மாதம்தான் இருக்கிறது என்பதை இப்போதே சொல்லிவையுங்கள்.

ஃபேஸ்புக்கில் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ் சென்டர், பெர்சனல் டீடெய்ல்ஸ், அக்கவுண்ட் ஓனர்ஷிப் அண்ட் கண்ட்ரோல், மெமோரியலைசேஷன் என்று போய், உங்கள் நினைவுக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக, அதாவது லெகசி காண்டாக்டாக, ஒருவரை நியமியுங்கள். உங்களுக்குப் பின் அவர் முகப்புப் படத்தை மாற்றலாம், ஒரு பதிவை மேலே நிறுத்தலாம், அஞ்சலியை யார் எழுதலாம் என்று முடிவு செய்யலாம். உங்கள் மெசேஜ்களை மட்டும் அவரால் படிக்க முடியாது, பலர் தயங்குவது இந்த ஒன்றுக்காகத்தான். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஆப்பிளின் லெகசி காண்டாக்டில் பெயர் சேர்த்து, அது தரும் சாவியை அச்செடுத்துக் கொடுங்கள். சாவியும் இறப்புச் சான்றிதழும் இருந்தால் 3 ஆண்டு வரை படங்களையும் குறிப்புகளையும் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு தாள். போனின் பின், கூகுள் பாஸ்வேர்டு, வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க பின், பேக்கப் பாஸ்வேர்டு இருந்தால் அதுவும். யுபிஐ பின்னை எழுதாதீர்கள். ரேஷன் கார்டும் இன்சூரன்ஸ் பத்திரமும் இருக்கும் கவரிலேயே வைத்து ஒட்டி, மேலே தேதி போடுங்கள். பாஸ்வேர்டை மாற்றுகிற அன்றைக்கே பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை வையுங்கள்.